பொழுதுக் கொலையும் முள்ளம்பன்றி விசாரணைக் குழுவும்

ஒரு காட்டில் ஒரு குட்டை இருந்தது. குட்டை நிறையத் தண்ணீர் இருந்தது. தண்ணீருக்கும் தாகத்துக்கும் நடுவில் ஓர் அலுவலகம் இருந்தது.

முன்பெல்லாம் மிருகங்கள் நேராகப் போய் வாயை வைத்துக் குடித்துக்கொண்டிருந்தன. அதில் ஒழுங்கில்லை என்று தலைமையகத்துச் சிங்கம் கருதியது. குட்டையைச் சுற்றி மூங்கில் தட்டி கட்டினார்கள். ஒரு கவுன்டர் வைத்தார்கள். டோக்கன் வாங்கியவர்தான் குடிக்கலாம் என்று ஆயிற்று. டோக்கன் வாங்க வரிசை. வரிசை சில நாள் மலையடிவாரம் வரை போகும். தாகத்தோடு வந்து நின்றவருக்கு டோக்கன் கைக்கு வரும்போது பசியும் வந்திருக்கும். அதற்கு வேறு கவுன்டர், வேறு வரிசை.

அந்த அலுவலகத்தின் மூத்த எழுத்தர் தணிகாசலம் ஒரு முள்ளம்பன்றி. மனிதக் கணக்கில் ஐம்பதைத் தாண்டியவர். அதிகம் பேசமாட்டார். பேசுவதற்கு முன் இதைப் பேசத்தான் வேண்டுமா என்று யோசிப்பார். யோசித்து முடிப்பதற்குள் பேச்சு வேறு எங்கோ போயிருக்கும்.

தணிகாசலம் படிக்கிறவர். அவருடைய வளைக்குள் இரண்டு அடுக்குப் புத்தகங்கள் இருந்தன. வலப்பக்கம் சுயமுன்னேற்ற நூல்கள். இடப்பக்கம் கொலைகள்.

சுயமுன்னேற்ற நூல்களை எழுதியவர்கள் எல்லாரும் பெரிய ஆட்கள். விடியலுக்கு முன்னால் எழுந்தால் உலகம் உன் காலடியில் என்று ஒரு சேவல் எழுதியிருந்தது. கவனம் சிதறாமல் இருப்பது எப்படி என்று ஒரு கொக்கு எழுதியிருந்தது. ஒரே ஒரு பெரிய காரியத்தை எடுத்து முழுசாக விழுங்கு, பிறகு ஒரு மாதம் ஓய்வெடு என்று ஒரு மலைப்பாம்பு எழுதியிருந்தது. தணிகாசலம் எல்லாவற்றையும் முயன்று பார்த்தார். முள்ளம்பன்றிகள் விடியலில் தூங்கப் போகிற இனம். சேவல் சொன்னதற்காக அவர் தூங்கப் போகிற நேரத்தில் எழுந்து உட்கார்ந்தார். மலைப்பாம்பின் திட்டத்தில் முதல் பாதி அவருக்கு வரவில்லை. படுத்துக் கிடக்கிற இரண்டாம் பாதி நன்றாக வந்தது.

விடியலில் கூவுவது சேவலுக்குச் சாதனை அல்ல, உடல்வாகு என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. இருந்தாலும் அடுத்த புத்தகத்தில் ஏதோ இருக்கும் என்று தோன்றும்.

கொலைகளை எழுதியது ஒரு வௌவால். மாதம் ஒரு நாவல். தலைகீழாகத் தொங்கிக்கொண்டு எழுதுவதால் தனக்கு முடிவுதான் முதலில் கிடைக்கிறது என்று அது பேட்டி கொடுத்திருந்தது.

ஒரு நல்ல காரியம் செய்தால் உங்களுக்கு நீங்களே பரிசு கொடுத்துக்கொள்ளுங்கள் என்று எல்லா முன்னேற்ற நூல்களிலும் முதல் அத்தியாயத்தில் வரும். தணிகாசலம் அதை அப்படியே கடைப்பிடித்தார். முன்னேற்றத்தில் ஒரு அத்தியாயம் படிப்பார், பரிசாக ஒரு கொலையை எடுப்பார். கொலை முடிந்த பிறகு முன்னேற்றத்துக்குத் திரும்ப மனம் வராது. இப்படியாக அவர் எந்த முன்னேற்ற நூலையும் முதல் அத்தியாயத்தைத் தாண்டிப் படித்ததில்லை. எந்தக் கொலையையும் பாதியில் விட்டதில்லை.

“முன்னேறணும்னு படிக்கறேனா, முன்னேறலங்கறதை மறக்கப் படிக்கறேனா, அதுதான் தெரியல” என்று ஒருநாள் மனைவியிடம் சொன்னார்.

மனைவி செங்கமலம் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். “தெரிஞ்சதும் சொல்லுங்க. அதுக்கு நடுவுல ரெண்டு கிழங்கு தோண்டிட்டு வாங்க” என்றாள்.

கொலைகளை அவர் ஏனோதானோ என்று படிப்பவர் அல்ல. அவருக்குச் சில கொள்கைகள் உண்டு. கண்டவுடன் சந்தேகம் வருகிறவன் குற்றவாளியாக இருக்கக் கூடாது. கடைசி அத்தியாயத்தில் கதைக்குச் சம்பந்தமே இல்லாத எவனையோ இழுத்துவந்து இவன்தான் கொலைகாரன் என்று காட்டினால் அது மோசடி. அப்படிப்பட்ட நாவலை அவர் சுவரில் அடிப்பார். வேறு எதற்கும் அவர் கை ஓங்கி யாரும் பார்த்ததில்லை.

அலுவலகத்துக்குக் கண்காணிப்பாளராக ஒரு புலி மாற்றலாகி வந்தது. வரவேற்பு நாளில் மாலைக்குப் பதில் புத்தகம் கொடுப்பதுதான் நாகரிகம் என்று தணிகாசலம் எடுத்துச் சொல்லி, சேவலின் நூலை அவரே கொடுத்தார். புலி அதை முகர்ந்து பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டது.

சில மாதம் போனது. வரிசை நீண்டுகொண்டே இருந்தது. காட்டுப்பன்றி அங்கம்மா தினமும் முதல் ஆளாக வந்து நிற்பாள். முதல் ஆளாக நின்றும் டோக்கன் அவளுக்கு மத்தியானத்துக்கு மேல்தான் கிடைக்கும்.

“ஏங்க எழுத்தரய்யா, தண்ணி உள்ளதான இருக்கு?” என்று கேட்பாள்.

“இருக்கும்மா.”

“இல்ல, ஒருவேளை நீங்க டோக்கனைத்தான் குடிக்கக் குடுக்கறீங்களோன்னு பாத்தேன்.”

வரிசையில் பின்னால் நிற்பவர்கள் சிரிப்பார்கள். தணிகாசலம் குனிந்து எழுதுவார்.

ஒருநாள் புலி அவரை அறைக்குக் கூப்பிட்டது.

“உக்காரும் தணிகாசலம். நீர் குடுத்த புத்தகத்தைப் படிச்சுட்டுத்தான் எல்லாம் பண்ணிக்கிட்டிருக்கேன்.”

“முழுசாப் படிச்சீங்களா ஐயா?”

“முதல் அத்தியாயம். அது போதும், மிச்சம் அதேதான் இருக்கும். என்ன எழுதியிருக்கான் பாரும். ‘உங்களைச் சுற்றிப் பொழுதைக் கொல்பவர் யார் என்று கண்டறியுங்கள். அவரை உடனே அகற்றுங்கள்.’ இது எனக்குப் புரியற பாஷை.”

தணிகாசலம் தலையாட்டினார்.

“தலைமையகத்துல கேக்கறாங்க. குட்டையில தண்ணி இருக்கு, காட்டுல தாகம் இருக்கு, ரெண்டும் ஏன் சந்திக்க மாட்டேங்குதுன்னு. நான் என்ன பதில் சொல்றது? இந்த ஆபீஸ்ல எவனோ பொழுதைக் கொல்றான். என் மூக்குக்குக் கீழ ஒரு கொலை நடக்குது, எனக்குப் பங்கு இல்ல. அவன் யாருன்னு எனக்குத் தெரியணும்.”

“தெரிஞ்சா ஐயா?”

“பணியிலேருந்து விடுவிச்சிருவேன்.”

அந்தக் காட்டில் பணியிலிருந்து விடுவிப்பது என்றால் என்ன என்று எல்லாருக்கும் தெரியும். போன கோடையில் ஒரு முயல் விடுவிக்கப்பட்டது. மறுநாள் அறையைப் பெருக்கியவர்கள் இரண்டு காதுகளை எடுத்து, எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று தெரியாமல் ‘இதர’ பிரிவில் சேர்த்தார்கள்.

“நீர் கொலைக்கதை நிறையப் படிக்கிறவராமே. இதுக்கு நீர்தான் சரி. வெள்ளிக்கிழமை எனக்கு ஒரு பேர் வேணும்” என்றது புலி.

தணிகாசலத்துக்குப் பயமாக இருந்தது. பயத்துக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. அதைச் சந்தோஷம் என்று ஒப்புக்கொள்ள அவருக்கு வெட்கமாக இருந்தது. அவர் படித்ததை வைத்து இதுவரை யாரும் அவருக்கு ஒரு வேலை கொடுத்ததில்லை.

அலுவலகத்தில் அவரைத் தவிர மூன்று பேர். கோப்பறையில் உடும்பு பேச்சிமுத்து. டோக்கன் கவுன்டரில் மந்தி சௌந்தரவல்லி. தட்டச்சில் மரங்கொத்தி ஞானமணி.

பேச்சிமுத்து கோப்புகளின் மேல் படுத்திருந்தார்.

“ஏன் பேச்சிமுத்து, ஒரு தாள்கூட உங்களை விட்டு நகர மாட்டேங்குதே?”

“நகர்ந்தா அது யாரோ ஒருத்தர் பொறுப்பாயிரும்ணே. நகராத வரைக்கும் யாருக்கும் பொறுப்பில்ல. நான் இங்க படுத்திருக்கறதே எல்லாரையும் காப்பாத்தத்தான்.”

சௌந்தரவல்லி போனில் மனிதர்கள் வழுக்கி விழும் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். கவுன்டருக்கு வெளியே ஒரு கேளையாடு இருமியது. “சாப்பாட்டு இடைவேளை” என்று தலை நிமிராமல் சொன்னார். பிறகு தணிகாசலத்தைப் பார்த்தார்.

“என்மேல சந்தேகமாண்ணே?”

“பாத்ததும் சந்தேகம் வர்றவங்க கொலைகாரங்களா இருக்க மாட்டாங்கம்மா.”

“அப்பாடா” என்றார் அவர். “அப்ப இன்னொன்னு பாத்துக்கறேன்.”

மிச்சம் ஞானமணி. அலுவலகத்தில் இடைவிடாமல் வேலை செய்கிறவர் அவர் ஒருவர்தான். காலையில் டொக் டொக் என்று தொடங்கினால் மாலை வரை அந்தச் சத்தம் நிற்காது. சம்பந்தமே இல்லாதவர்கள்கூட அந்தச் சத்தத்தைக் கேட்டு, அலுவலகம் நடக்கிறது என்று நிம்மதி அடைவார்கள். யாரும் சந்தேகப்படவே மாட்டார்கள். அதனாலேயே தணிகாசலத்துக்கு முட்கள் லேசாகச் சிலிர்த்தன. அவர் போய் ஞானமணியின் பின்னால் நின்றார்.

“என்ன அடிக்கிறீங்க ஞானமணி?”

“பொழுது அறிக்கைண்ணே. யாரார் எந்த நேரம் என்ன பண்ணினாங்கன்னு. நீங்களுந்தான் தினம் எழுதிக் குடுக்கறீங்களே, காலையில, மத்தியானம், சாயங்காலம்.”

“அதை எழுதவே எல்லாருக்கும் எவ்வளவு நேரம் ஆகுது?”

“அதுக்குத் தனி அறிக்கை இருக்குண்ணே.”

தணிகாசலம் யோசித்துப் பார்த்தார். காலையில் வந்ததும், நேற்று என்ன செய்தோம் என்று எழுதுகிறோம். மத்தியானம், காலையில் என்ன செய்தோம் என்று எழுதுகிறோம். காலையில் செய்தது எழுதியதுதான். அதை எழுதுகிறோம். கவுன்டர் மூடியிருக்கிறது. வரிசை நிற்கிறது.

“இந்த அறிக்கை எப்ப வந்தது?”

“புலி ஐயா வந்த புதுசுல. ஏதோ புத்தகத்துல இருந்ததாம். ‘ஒவ்வொரு நாழிகையும் என்ன ஆனது என்று எழுதி வையுங்கள்’னு. நீங்கதானண்ணே அந்தப் புத்தகத்தைக் குடுத்தீங்க?” ஞானமணி தட்டுவதை நிறுத்தித் திரும்பினார். கண் லேசாகக் கலங்கியிருந்தது. “நான் இதை உங்ககிட்ட சொன்னதில்ல. தற்காலிகமாத்தான் என்னை வெச்சிருந்தாங்க. இந்த அறிக்கை வந்த பிறகுதான் நிரந்தரம் ஆச்சு. பொந்துல குஞ்சுக இப்ப வேளாவேளைக்குச் சாப்பிடுதுன்னா அது உங்களாலதான்.”

துப்பறிகிறவனே கொலைகாரனாக இருக்கும் நாவல்கள் மிக அபூர்வம். தணிகாசலத்துக்கு அவற்றைப் போலப் பிடித்தது வேறில்லை. உள்ளேயிருந்து பார்த்தபோது அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

வீட்டுக்குப் போனபோது செங்கமலம் கேட்டாள்: “யாருன்னு தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சுது.”

“யாரு?”

“இப்பவே சொன்னா சுவாரஸ்யம் போயிரும்.”

“நல்ல சுவாரஸ்யம்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

வெள்ளிக்கிழமை எல்லாரையும் புலியின் அறையில் கூட்டினார்கள். இப்படி ஒரு காட்சியைத் தணிகாசலம் எத்தனையோ தடவை படித்திருக்கிறார். எல்லாரும் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவன் மட்டும் நின்றுகொண்டு பேசுவான். இன்று நிற்பது அவர்.

“கொலையாளி இந்த அறைக்குள்ளதான் இருக்கான்” என்று தொடங்கினார். குரல் நன்றாகத்தான் வந்தது.

அவர் பேசப் பேச அறை அமைதியாயிற்று. பேச்சிமுத்துவை முதலில் சந்தேகத்தில் நிறுத்தி, பிறகு விடுவித்தார். சௌந்தரவல்லியை நிறுத்தி, விடுவித்தார். இருவரும் பெருமூச்சு விட்டார்கள். தனக்கு இது இவ்வளவு அழகாக வரும் என்று அவருக்கே தெரியாது. கடைசியில் எஞ்சியது அவரும் ஞானமணியும். ஞானமணிக்கு அது புரிந்துவிட்டது. அவருடைய அலகு மேஜையில் பட்டு, தானாகவே, மிக மெதுவாக டொக் டொக் என்று தட்டிக்கொண்டிருந்தது.

புலி மார்பில் ஒரு வாழையிலையைச் செருகிக்கொண்டது.

நாவல்கள் இந்த இடத்தில் முடிந்துவிடும். கைவிலங்கு மாட்டி அழைத்துப் போவார்கள். துப்பறிகிறவன் தேநீர் குடிப்பான். விலங்கு மாட்டப்பட்டவனின் வீட்டில் அன்றைக்குச் சாயங்காலம் என்ன நடந்தது என்று வௌவால் எந்த மாதத்திலும் எழுதியதில்லை. ஞானமணி பேரைச் சொல்ல முடியாது என்று தணிகாசலம் நினைத்தார். என் பேரைச் சொல்லலாம். சொல்ல வேண்டும். ஆனால் செங்கமலம் என்ன செய்வாள்? அதோடு, ஒரு புத்தகம் கொடுத்தது எப்படிக் குற்றமாகும்? சேவல் அல்லவா எழுதியது? எழுதியதும் குற்றமில்லையே, படித்தவரின் பிழை அல்லவா? காரணங்கள் வரிசையாக வந்து நின்றன. எல்லாம் நல்ல காரணங்கள்.

“ஐயா, இன்னும் கொஞ்சம் விசாரிக்க வேண்டியிருக்கு. கால நீட்டிப்பு வேணும்” என்றார் தணிகாசலம்.

புலி யோசித்தது. “பொழுதைக் கொன்னது யாருன்னு கண்டுபிடிக்கக் கால நீட்டிப்பு.”

“ஆமா ஐயா.”

“முறைப்படிதான் கேக்கறீர். சரி, குடுத்தாச்சு. நீர் இனிமே விசாரணைக் குழுத் தலைவர். தனி அறை வெச்சுக்கும்.” தணிகாசலம் உட்காரப் போனார். “இரும். இடைக்கால அறிக்கை ஒண்ணு குடுத்துட்டுப் போம். எனக்கு இடைக்காலமாப் பசிக்குது.”

ஞானமணியின் அலகு மறுபடி தட்டத் தொடங்கியது. தணிகாசலம் அறையைச் சுற்றிப் பார்த்தார். பார்த்த இடத்தில் எல்லாம் தெரிந்த முகம். ஜன்னல் வழியாகப் பார்த்தார். வெளியே வரிசை வெயிலில் நின்றுகொண்டிருந்தது. காலையிலிருந்து நிற்கிறது. ஒன்றும் செய்யாமல் நிற்கிறது.

“அவங்கதான் ஐயா” என்றார். “நாள் முழுக்கச் சும்மா நின்னு பொழுதைக் கொல்றாங்க. இடைக்காலமாப் பாத்தா அப்படித்தான் தெரியுது.”

சொன்ன பிறகுதான் தான் செய்தது என்ன என்று அவருக்குப் புரிந்தது. கதைக்குச் சம்பந்தமில்லாத ஒருவரைக் கடைசி அத்தியாயத்தில் இழுத்துவந்துவிட்டார். சுவரில் அடிக்க வேண்டிய வேலை.

புலி இலையை எடுத்துவிட்டு எழுந்தது. “எனக்கு இது தோணவே இல்லையே. இத்தனை நாளா உள்ளயே தேடிக்கிட்டிருந்தேன் பாரும்” என்று சொல்லிக்கொண்டே வெளியே போனது. அன்றைக்கு விடுவிக்கப்பட்டது அந்தக் கேளையாடு. அதனிடம் அன்று காலையிலும் சாப்பாட்டு இடைவேளை என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

மறுநாள் வரிசை கொஞ்சம் குறைந்தது. அதற்கடுத்த நாள் இன்னும் குறைந்தது. ஞானமணி அதை அழகாக அறிக்கையில் தட்டினார். வரிசையின் நீளம் குறைந்ததற்குத் தலைமையகம் புலியைப் பாராட்டியது. மற்றக் குட்டைகளிலும் இதே முறையைப் பரிசீலிக்கலாம் என்று சிங்கம் எழுதியது.

தணிகாசலம் தனி அறையில் உட்கார்ந்து யோசித்தார். அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. செங்கமலம் ஒன்றும் கேட்பதில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒன்றைக் கவனித்தார். வரிசையில் ஒரு மயில் தோகையால் விசிறிக்கொண்டே ஏதோ படித்துக்கொண்டு நின்றது. கொக்கு எழுதிய புத்தகம். புலி அதன் அருகில் வந்தது. அட்டையைப் பார்த்தது.

“இது பொழுதைக் கொல்லல. பயன்படுத்துது” என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் நின்றவரைத் தூக்கிக்கொண்டு போனது.

மறுநாள் காலை தணிகாசலம் தன் வலப்பக்க அடுக்கை மொத்தமாகச் சுமந்துகொண்டு வந்தார். வரிசையில் நின்ற ஒவ்வொருவர் கையிலும் ஒரு முன்னேற்றத்தைக் கொடுத்தார். சிலர் தலைகீழாகப் பிடித்தார்கள். ஒரு காட்டெருமை மெல்லத் தொடங்கியது. அதைத் தடுத்து, பார்த்தால் போதும் என்று விளக்க வேண்டியிருந்தது. அன்று புலி வரிசையை இரண்டு முறை சுற்றி வந்து, பசியோடு திரும்பிப் போனது.

இப்படித்தான் அந்தக் காட்டில் வாசிப்புப் பழக்கம் வளர்ந்தது. வரிசையில் நிற்கும் எல்லாரும் தலையைக் குனிந்தபடி புத்தகத்தில் ஆழ்ந்திருக்கும் படம் ஒன்றைத் தலைமையகம் எல்லா இடத்திலும் ஒட்டியது. அதைப் பார்த்து எங்கெங்கிருந்தோ மிருகங்கள் வந்து வரிசையில் நின்றன. புத்தகம் போதவில்லை. தணிகாசலம் நூல்களை அத்தியாயம் அத்தியாயமாகப் பிரித்துக் கொடுத்தார். அதுவும் தீர்ந்தது.

புதுக் கூட்டத்தில் முதல் இடம் பறிபோய்ப் பின்னால் நின்ற அங்கம்மாவுக்கு அன்று கொடுக்க ஒன்றும் மிஞ்சவில்லை.

“என்னங்க எழுத்தரய்யா, எல்லாரும் முன்னேறியாச்சு, நான் மட்டும் இப்படியே இருக்கவா?”

அவர் பையில் அன்றைய பரிசாகத் தனக்கென்று எடுத்துவைத்திருந்த ஒரு கொலை இருந்தது. ஒன்றும் இல்லாமல் நிற்பதற்கு இது மேல் என்று நினைத்தார். “இந்தாம்மா. புலி வந்தா அட்டையை மறைச்சுக்க. படிக்கணும்னு இல்ல, பிடிச்சுக்கிட்டு நில்லு.”

ஆனால் அங்கம்மா படித்தாள். மொத்த வரிசையிலும் உண்மையிலேயே படித்தவள் அவள் ஒருத்திதான். வரிசை நகர்ந்தபோது நகர மறந்தாள். பின்னால் நின்றவர்கள் தள்ளினார்கள். மத்தியானம் தணிகாசலம் அந்தப் பக்கம் போனபோது கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“ஐயா, இது அந்தச் சமையக்காரனா? இல்ல, அண்ணியா? சொல்லிட்டுப் போங்க. என்னால நிக்க முடியல.”

“சொல்லக் கூடாதும்மா. படிச்சுத் தெரிஞ்சுக்கணும்.”

“பெரிய ரகசியம். தண்ணியும் குடுக்க மாட்டீங்க, கொன்னவன் பேரும் குடுக்க மாட்டீங்க.”

“இன்னும் கொஞ்சந்தாம்மா இருக்கு. படி.”

அவர் அதைச் சந்தோஷமாகத்தான் சொன்னார். தன்னைப் போல ஒருத்தி அகப்பட்டாளே என்று இருந்தது.

புலி வந்தது அங்கம்மாவுக்குத் தெரியவில்லை. எல்லாரும் பக்கத்தைப் புரட்டினார்கள். அவள் நிமிரவே இல்லை.

“என்ன படிக்கிறே?” என்றது புலி.

“கொலைங்க” என்றாள், கண்ணை எடுக்காமல். “செத்த சும்மா இருங்க.”

கடைசிவரை யார் என்று தெரியாமலே போனாள்.

தணிகாசலம் அன்றைக்கு யோசிக்கவில்லை. யோசித்தால் காரணங்கள் வந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். நேராகப் புலியின் அறைக்குப் போனார். கதவைத் தட்டவும் இல்லை.

புலி வயிறு நிறைந்து சாய்ந்து படுத்திருந்தது. முன்னங்கால்களுக்கு இடையில் அந்த நாவல் திறந்திருந்தது.

“வாரும் தணிகாசலம். சரியான நேரத்துக்கு வந்தீர். யாரு எழுதினதுய்யா இது? கீழ வைக்க முடியல. ஆனா முழுக்கப் படிக்க எனக்கு எங்க நேரம்? யாரு கொன்னது, சொல்லிரும்.”

“நான்தான் ஐயா.”

“இந்தக் கதையிலயா?”

“இல்ல ஐயா. பொழுதை. விசாரணை முடிஞ்சுது. புத்தகம் குடுத்தது நான். அதுலேருந்துதான் அறிக்கை வந்தது, அறிக்கையாலதான் வரிசை நீண்டது. வரிசையில நின்னவங்க ஒருத்தரும் ஒண்ணும் பண்ணல. வெள்ளிக்கிழமையே எனக்குத் தெரியும். என்னை விடுவிச்சிருங்க.”

புலி நாவலை மடித்து வைத்துவிட்டு அவரைப் பார்த்தது. கோபமாகப் பார்க்கவில்லை.

“உம்மை எடுத்து நான் என்ன பண்றது ஓய்? உடம்பெல்லாம் முள்ளு. எங்க சித்தப்பா ஒருத்தர் உம்ம ஜாதியில ஒருத்தரைக் கடிச்சுட்டு, அப்புறம் வாயைத் திறக்கவே முடியாமப் போய்ச் சேர்ந்தார்.”

“இல்ல ஐயா, குற்றவாளி...”

“குற்றவாளியா இரும். யாரு வேண்டாங்கறா? விசாரணைக்கு உம்மைப் போட்டது நீர் படிச்சவர்ங்கறதுக்காகன்னு நெனச்சீரா? அந்த மரங்கொத்தியைப் போட்டிருந்தா, எங்க தன்னை விழுங்கிருவேனோங்கற பயத்துல ரெண்டே நாள்ல யாரையாவது கை காட்டிட்டு ஓடியிருக்கும். ஒருவேளை என்னையே காட்டியிருக்கும். உமக்கு அந்த அவசரம் கிடையாது. நீர் எத்தனை காலம் வேணாலும் உக்காந்து வருத்தப்படலாம். உமக்கும் அது உள்ளுக்குள்ள தெரிஞ்சுதான் இருந்திருக்கும்.”

தெரிந்துதான் இருந்ததா என்று தணிகாசலம் யோசித்தார். நல்ல கேள்வி. யோசிக்கக் கொஞ்ச காலம் ஆகும் போலிருந்தது.

“கால நீட்டிப்பை இன்னும் ஒரு வருஷம் நீட்டியிருக்கேன். போகும்போது ஞானமணிகிட்ட வாங்கிக்கும்” என்றது புலி. பிறகு நாவலை மறுபடி திறந்தது. “அது கிடக்கட்டும். இதுல யாரு? அந்தச் சமையக்காரனா, அண்ணியா?”

தணிகாசலம் கதவு வரை போய்த் திரும்பினார்.

“அண்ணி, ஐயா” என்றார்.

நீதி: வரிசையில் நிற்கிறவர்கள் கையில் நல்ல புத்தகம் கொண்டுவரவும். முள் உள்ளவர்கள் மனசாட்சி கொண்டுவந்தால் போதும்.